கிரீஸ் வேண்டாத மூன்று பிரிபுனல்கள்: 18 மாதம் குலுக்கிப் பார்த்த பிறகு

மூன்று பிரிபுனல்கள் (ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைப் பிரித்து இறக்க உதவும், அடியில் திறந்து மூடும் திருகுள்ள புனல்கள்) கொண்ட இந்தத் தொகுப்பை வாங்கலாம். கூட வருகிற பிளாஸ்டிக் மூடியை மட்டும் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டுக் கண்ணாடி மூடி போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். தாவரச் சாற்றைக் கரைப்பான் மாற்றி மாற்றிப் பிரிக்கிற வேலையில் இருப்பவர்கள் மேற்கொண்டு படியுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாமல் ஒரு பிரிபுனல் நல்லதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளும்.

இயற்கைப் பொருள் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் 14 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். இலை, பட்டை, வேர் எது வந்தாலும் பொடித்து, ஊறவைத்து, வடித்து, பகுதி பகுதியாகப் பிரித்து ஆய்வு மாணவர்கள் கையில் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்கக் கையில் இருப்பது பிரிபுனல்தான். இப்போது எழுதுவது 500, 250, 125 மி.லி. என மூன்று அளவில் சேர்த்து வருகிற ஒரு தொகுப்பைப் பற்றி. போரோசிலிக்கேட் 3.3 கண்ணாடி (சூடு தாங்கும் வகை), பேரிக்காய் வடிவம், டெஃப்லான் திருகு.

பழைய புனல்களை ஏன் விட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் திருகுகூடக் கண்ணாடிதான். கண்ணாடிக்குள் கண்ணாடி சுழல வேண்டுமானால் கிரீஸ் தடவியே ஆக வேண்டும். நீரும் ஆல்கஹாலும் ஓடுகிற வரை கிரீஸ் தடவிய இடத்திலேயே இருக்கும். ஹெக்சேனும் குளோரோஃபார்மும் அப்படி விடாது. எண்ணெய்ப் பசையுள்ளதைத் தேடிக் கரைக்கத்தானே அவற்றை ஊற்றுகிறோம்! இலையில் உள்ள மெழுகைக் கரைப்பது போலவே திருகில் உள்ள கிரீஸையும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் மாணவி ஒருத்தி மூன்று வாரம் உழைத்து ஒரு ஹெக்சேன் பகுதியிலிருந்து 11 மி.கி. பொருளைப் பிரித்தாள். சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடத்தில் பூச்சியத்தை ஒட்டி, 0.07 பி.பி.எம். பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது. அது சிலிக்கோன் கிரீஸ். அவள் சேர்மத்தின் கோடுகள் அதன் காலடியில் புல் மாதிரிக் கிடந்தன. அந்தப் புனலில் கிரீஸ் தடவியவன் நான். அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றுதான் டெஃப்லான் திருகுள்ள தொகுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வந்ததும் செய்த முதல் சோதனை, சாறு இல்லாத சோதனை. 500-இல் 100 மி.லி. ஹெக்சேன் ஊற்றி, கண்ணாடி மூடி போட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் நிற்க விட்டேன். திருகு வழியாக இறக்கி, முன்பே எடை பார்த்து வைத்த குடுவையில் ஆவியாக்கினேன். குடுவையின் எடை மாறவே இல்லை. குளோரோஃபார்மிலும் அதே. பழைய புனலில் கிரீஸோடு அதையே செய்து பார்த்தபோது குடுவையின் அடியில் விரல் ரேகை மாதிரி ஒரு படலம் இருந்தது. புதிதாகக் கண்ணாடிப் பொருள் வாங்குகிற எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கரைப்பான்தான் தேர்ந்தெடுக்கிறது. புனல் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. நான் இந்தப் புனலை அளக்கும் அளவுகோல் அவ்வளவுதான்.

இனி உண்மையான வேலை. நித்தியகல்யாணி இலையை எடுத்துக்கொள்கிறேன், கடந்த ஆண்டு அதிகம் செய்தது அதுதான். 1958-இல் கனடா ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தது இந்தச் செடியிலிருந்துதான். புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுகிற மருந்து அது. 1 கிராம் கிடைக்கச் சுமார் 500 கிலோ உலர் இலை வேண்டும் என்பார்கள். இலைக்குள் அது அவ்வளவு அரிது, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கலைப்பதுதான் கரைப்பான்களின் வேலை.

மெத்தனாலில் இலைப்பொடியை ஊறவைத்து எடுத்த சாறு ஏறக்குறைய எல்லாவற்றையும் கலந்தே தரும். பச்சையம், மெழுகு, ஆல்கலாய்டு (வின்பிளாஸ்டின் இந்த வகை), ஃபிளேவனாய்டு, சர்க்கரை, உப்பு எல்லாம் ஒரே குழம்பில் இருக்கும். அதில் 20 கிராம் எடுத்து, 90 பங்கு மெத்தனாலும் 10 பங்கு நீரும் உள்ள கலவையில் கரைத்து, 500-இல் ஊற்றி, மேலே ஹெக்சேன் சேர்ப்பேன். அந்த 10 பங்கு நீர் ஏன் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். தூய மெத்தனாலும் ஹெக்சேனும் அரைகுறை நட்பு. குளிர்ந்த அறையில் இரண்டு அடுக்காக நிற்கும். கொஞ்சம் சூடானால், 35 டிகிரி பக்கம் போனாலே, இரண்டு அடுக்குக்கும் இடையிலுள்ள கோடு மறைந்து ஒரே திரவமாகிவிடும். உள்ளங்கையால் புனலை நெடுநேரம் அணைத்துப் பிடித்திருந்தாலே கோடு கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிறிது நீர் சேர்த்தால் இரண்டும் கண்டிப்பாகப் பிரிந்து நிற்கும்.

அடர்த்தி 0.66 உள்ள ஹெக்சேன் மேலே நிற்கும். மெழுகு, கொழுப்பு, கரோட்டின், பச்சையத்தில் ஒரு பகுதி அதனோடு போகும். முனைவற்றது (எண்ணெய் மாதிரி) முனைவற்றதோடு சேரும், முனைவுள்ளது (நீர் மாதிரி) முனைவுள்ளதோடு சேரும் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதைக் கண்ணால் பார்ப்பது இங்கேதான். ஆனால் அந்த விதியை மட்டும் நம்பினால் இலை நம்மை ஏமாற்றிவிடும். ருசியத் தாவரவியலர் மிகைல் ட்ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத்தான் கண்டார். தனியாகப் பிரித்த பச்சையம், ஹெக்சேன் மாதிரியான கரைப்பானாகிய பெட்ரோலிய ஈதரில் கரைகிறது. ஆனால் இலையை நேராகப் பெட்ரோலிய ஈதரில் போட்டால் கரோட்டின்தான் வருகிறது, பச்சையம் இலையை விட்டு அசைவதில்லை. துளி ஆல்கஹால் சேர்த்ததும் வந்துவிடுகிறது. கரையாததால் அல்ல, இலைத் திசு இறுக்கிப் பிடித்திருந்ததால்தான் அது வரவில்லை. அந்தப் பிடிப்பையே ஒரு கருவியாக்கி, சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் நிறங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்தார். 1906-இல் அதற்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். நான் எடுத்த எடுப்பில் ஹெக்சேன் ஊற்றாமல் மெத்தனாலில் ஊறவைப்பதற்கு இதுவே காரணம். முதலில் இலையின் பிடியிலிருந்து எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும், பிறகுதான் பிரிப்பது.

திருகுக்கு வருகிறேன். ஒவ்வொரு கரைப்பானையும் ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சேர்மம் நீரைவிடக் கரைப்பானில் மூன்று மடங்கு விருப்பத்தோடு தங்குகிறது, அதாவது பங்கீட்டுக் குணகம் 3 என்று வைத்துக்கொள்வோம். 300 மி.லி. நீர்ச் சாற்றை 300 மி.லி. கரைப்பானோடு ஒரே தடவை குலுக்கினால் நான்கில் ஒரு பங்கு நீரிலேயே தங்கிவிடும். அதே 300-ஐ நூறு நூறாக மூன்று தடவை ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் பாதி போகும். கடைசியில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு சொட்டுக் கரைப்பான்கூட அதிகம் செலவில்லை. ஹெக்சேன், குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட், பியூட்டனால் என நான்கு கரைப்பான், தலா மூன்று தடவை என்றால் ஒரே சாற்றுக்குப் பன்னிரண்டு முறை திருகைத் திறந்து, கோடு வந்து இறங்கும்போது சரியான இடத்தில் மூட வேண்டும். திருகு சிக்கினால் பன்னிரண்டு முறையும் தப்பு செய்வோம்.

125-இலும் 250-இலும் திருகு அருமை. விரல் நுனியால் மயிரிழை அளவு திருப்பினால் சொட்டுச் சொட்டாக விழும், அப்படியே நிறுத்தினால் நிற்கும். 500-இல் திருகின் துளை பெரிது. கால்வாசி திறந்தாலே சரசரவென்று இறங்குகிறது. குளோரோஃபார்ம் இறக்கும்போது இது தொல்லை. அடர்த்தி 1.49 உள்ள திரவம், கனத்துக்கு வேகமும் சேர்ந்துகொள்கிறது. கடைசி 5 மி.லி.-இல் நான் திருகை முழுக்க மூடி, புனலைச் சற்றே சுழற்றி, சுவரில் ஒட்டிய துளிகள் இறங்கக் காத்திருந்து, பிறகு ஒரு கையால் தண்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் திறக்கிறேன். இரண்டு கை வேலை. பழகிவிட்டது, ஆனாலும் 500-க்கும் சின்னத் துளை வைத்திருக்கலாம்.

குளோரோஃபார்ம் ஊற்றும் கட்டத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹெக்சேன் மேலே, குளோரோஃபார்ம் கீழே, எத்தில் அசிடேட் (0.90) மேலே, பியூட்டனால் (0.81) மேலே. நான்கில் ஒன்று மட்டும் கீழே போவதால் புதியவர்கள் தவறான அடுக்கைக் கொட்டிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் மேலிருந்து ஒரு சொட்டு நீரை விடுங்கள். மேல் அடுக்கில் கரைந்து மறைந்தால் மேலே இருப்பது நீர். முத்து மாதிரி உருண்டு கீழே போனால் மேலே இருப்பது கரைப்பான். எது என்று தெரிந்த பிறகும் வேலை முடிகிற வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.

குளோரோஃபார்ம் பகுதியில்தான் ஆல்கலாய்டுகள் திரளும். கூடவே அழையாத விருந்தாளிகளும். இங்கே 125 மி.லி. புனலை எடுப்பேன். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குளோரோஃபார்ம் கரைசலை நீர்த்த கந்தக அமிலத்தோடு குலுக்குவேன். ஆல்கலாய்டு ஒரு காரம். அமிலத்தைக் கண்டதும் உப்பாகி நீருக்கு வந்துவிடும். நடுநிலைப் பொருள்கள் குளோரோஃபார்மிலேயே இருந்து கீழே இறங்கிப் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுக்காததற்குக் காரணம் உண்டு. சில ஆல்கலாய்டுகளின் ஹைட்ரோகுளோரைடு உப்பு குளோரோஃபார்மிலும் கரையும், பாதிப் பொருள் பின்வாசல் வழியாகப் போய்விடும். அப்புறம் அந்த அமில நீரில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பி.எச். 9-ஐத் தாண்டும்போது, தெளிந்திருந்த நீரில் பால் சிந்தியது போல ஒரு வெண்புகை எழும்பும். உப்பு மறுபடி காரமாகி நீரில் நிற்க முடியாமல் வெளியே வருகிற நேரம் அது. புதுக் குளோரோஃபார்ம் ஊற்றி இரண்டு முறை சுழற்றினால் புகை அப்படியே உள்ளே இறங்கி நீர் மறுபடி தெளிந்துவிடும். கரைப்பான் அதே, சேர்மம் அதே. நீரின் தன்மையை மாற்றியதும் சேர்மம் கட்சி மாறிவிடுகிறது. 14 ஆண்டாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த வெண்புகைக்காகப் புனலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறேன். இந்தப் புனலின் கண்ணாடி அவ்வளவு தெளிவு. ஒரு கீறலோ குமிழியோ கிடையாது. இறக்கியதில் ஒரு சொட்டை டி.எல்.சி. (மெல்லடுக்குக் குரோமட்டோகிராஃபி) தட்டில் வைத்து, ஆல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆரஞ்சுப் பொட்டு வரும்.

எல்லா ஆல்கலாய்டும் இப்படிக் கட்சி மாறாது. பெர்பரின் போன்ற நான்கிணைய உப்புகள் (எப்போதும் உப்பாகவே இருப்பவை) அம்மோனியா விட்டாலும் நீரைவிட்டு எளிதில் வராது. அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

இதே வித்தையைத் தலைகீழாகச் செய்து உலகத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது. சீனாவில் தூ யூயூவின் குழு மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஆர்டிமீசியா அன்னுவா செடியின் சாறு ஒரு சமயம் வேலை செய்தது, ஒரு சமயம் செய்யவில்லை. செடியை வேகவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் பழைய சீன மருத்துவக் குறிப்பு ஒன்று அவருக்கு வழிகாட்டியது. சூடுதான் பொருளைக் கெடுக்கிறது என்று ஊகித்து, 35 டிகிரியிலேயே கொதிக்கிற ஈதருக்கு மாறினார். பிறகு அந்த ஈதர்ச் சாற்றைக் காரத்தால் கழுவி அமிலப் பகுதியை நீக்கினார். நச்சு அந்த அமிலப் பகுதியில் இருந்தது, மருந்து நடுநிலைப் பகுதியில் இருந்தது. 1971 அக்டோபரில் அந்த நடுநிலைப் பகுதி எலி மலேரியாவை முழுமையாக அடக்கியது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்டிமிசினின். 2015-இல் நோபல் பரிசு. ஈதர், காரம், இரண்டு அடுக்கு. நாம் தினமும் செய்கிற வேலைதான். மாணவர்கள் களைத்துப் போகும்போது இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் 40 டிகிரியிலேயே கொதிக்கும். கைச்சூட்டில் குலுக்கினால் உள்ளே ஆவி திரண்டு மூடியைத் தள்ளும். பைகார்பனேட் கொண்டு கழுவினால் கரியமில வாயு வேறு. ஒரு முறை புரட்டியதும் தண்டை மேல்நோக்கி, யார் முகமும் இல்லாத பக்கம், ஃப்யூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) நீட்டித் திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். அந்த உஸ் சத்தம் அடங்குகிற வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்தத் திருகை ஒரே கையால், புனல் தலைகீழாக இருக்கும்போதும் திறக்க முடிகிறது. பழைய கண்ணாடித் திருகு தலைகீழாக்கினால் நழுவி வருமோ என்று பயந்துகொண்டே செய்வோம். இதில் பின்பக்கம் மரை போட்டு இறுக்கியிருப்பதால் அந்தப் பயம் இல்லை.

அடுத்தது எத்தில் அசிடேட். இதற்கு முன் மெத்தனாலை முழுவதும் ஆவியாக்கிவிட வேண்டும். மெத்தனால் மிச்சமிருந்தால் இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டு அடுக்கே பிரியாது. எத்தில் அசிடேட்டில் ஃபிளேவனாய்டுகளும் பீனாலிக் அமிலங்களும் வரும். பெரும்பாலும் தொல்லையில்லாத கட்டம்.

தொல்லையெல்லாம் பியூட்டனாலில். சர்க்கரை ஒட்டிய கிளைகோசைடுகளையும் சப்போனின்களையும் நீரிலிருந்து இழுக்க அதைவிட்டால் வழியில்லை. ஆனால் சப்போனின் என்பது சோப்பு மாதிரி. வேகமாகக் குலுக்கினால் இரண்டு அடுக்குக்கும் நடுவே நுரைத்த பால்மம் ஒன்று கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. புனலைச் சோதிக்க வேண்டுமென்றே சப்போனின் நிறைந்த பூந்திக்கொட்டைச் சாற்றை எடுத்தேன். 500-இல் வேண்டுமென்றே பலமாகக் குலுக்கினேன். பாதிப் புனல் பழுப்பு நுரை. ஒரு கரண்டி உப்பு போட்டு மெல்லச் சுழற்றியதும் நீர் அடுக்கு கனத்து, நுரை கீழிருந்து உடையத் தொடங்கியது. இரவு முழுக்க நிற்க விட்டேன். காலையில் நுரை ஒரு விரல் தடிமனுக்கு ஒடுங்கியிருந்தது. பேரிக்காய் வடிவம் உதவுவது இங்கேதான். அடியை நோக்கிக் குறுகிக்கொண்டே வருவதால் அந்த ஒரு விரல் நுரையும் திருகுக்கு மேலே சின்ன வளையமாக ஒதுங்கிவிடும். அதை மட்டும் தனியே பிடித்துக்கொள்ளலாம். உருண்டைப் புனலில் அதே நுரை அகலமாகப் பரவிக் கோட்டையே மறைத்திருக்கும். இரவு முழுக்க நின்றும் திருகின் கீழே வைத்த வடிதாள் நனையவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய புனலில் இரவு நிற்க வைப்பதென்றால் அடியில் ஒரு முகவையும் வைத்துவிட்டுத்தான் போவேன்.

பியூட்டனாலும் நீரும் இரண்டுமே கரும்பழுப்பாக இருக்கும், கோடு கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்து, புனலை இலேசாகச் சாய்த்தால் இரண்டு அடுக்கும் வெவ்வேறு வேகத்தில் சாய்வது தெரியும். பச்சைப் பகுதிகளுக்குப் புற ஊதா விளக்கு இன்னும் நல்லது. பச்சையம் உள்ள அடுக்கு ஆழ்ந்த சிவப்பாக ஒளிரும், இல்லாத அடுக்கு இருண்டே இருக்கும். கோடு கத்தியால் கிழித்தது போல நிற்கும்.

எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது: நித்தியகல்யாணியின் 20 கிராம் சாற்றில் ஹெக்சேன் பகுதி 3.1, குளோரோஃபார்ம் 2.4, எத்தில் அசிடேட் 1.2, பியூட்டனால் 4.6, மிஞ்சிய நீர்ப் பகுதி 8.0. மொத்தம் 19.3 கிராம். நாலு கரைப்பான், பன்னிரண்டு முறை இறக்கி ஏற்றியும் 0.7 கிராம்தான் நட்டம். அதிலும் பாதி நான் நடு நுரையோடு ஒதுக்கியது. பழைய புனல்களில் 1.5 கிராமுக்குக் குறைந்து நட்டம் வந்ததில்லை.

குறைகளைச் சொல்ல வேண்டும். மூடி பற்றி ஆரம்பத்திலேயே சொன்னேன். கூட வருவது உள்ளீடற்ற பாலித்தீன் மூடி. நீருக்குச் சரி. ஹெக்சேனும் குளோரோஃபார்மும் அதை மெல்ல ஊறவைத்துப் பருக்கச் செய்துவிடும். மூன்றாவது வாரத்தில் 250-இன் கழுத்தில் இறுகிக்கொண்டு வர மறுத்தது. வந்த பிறகு வடிவம் மாறிச் சரியாக உட்காரவில்லை. அடுத்த குலுக்கலில் கையுறைமேல் பச்சைத் துளி இறங்கியது. ஒரு மூடியை இரவு முழுக்கக் குளோரோஃபார்மில் போட்டுவிட்டு, அந்தக் குளோரோஃபார்மை வட்டக் கண்ணாடியில் ஆவியாக்கினேன். மங்கலான ஒரு படலம் மிஞ்சியது. கிரீஸிலிருந்து தப்பிக்க வாங்கிய புனலில் மூடி வழியாக வேறு அழுக்கு வருவதா? விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். பதில் வரவில்லை. திருகில் இத்தனை கவனம் வைத்தவர்கள் மூடியில் இப்படிச் செய்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 24/29 அளவுக் கண்ணாடி மூடி 500-க்கும் 250-க்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 125-க்கு அதைவிடச் சின்ன அளவு வேண்டும். கண்ணாடி மூடிக்கும் கிரீஸ் தடவாதீர்கள். கரைப்பானால் நனைத்துப் போட்டாலே போதும், வேலை முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, டெஃப்லான் திருகைக் கண்ணாடியோடு சேர்த்து உலர்த்தும் அடுப்பில் வைக்கக் கூடாது. சூட்டில் டெஃப்லான் இந்தக் கண்ணாடியைவிட 30 மடங்குக்கும் மேல் விரியும். விரிய இடமில்லாமல் நசுங்கும், ஆறிய பிறகு சுருங்கிக் கசியும். பெட்டிக்குள் இதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. புதிதாக வந்த ஒருவர் 250-ஐ அப்படியே வைத்துவிட்டார், அந்தத் திருகை மாற்ற வேண்டியதாயிற்று. மரையையும் இறுக்கிய நிலையில் விட்டுவைக்காதீர்கள். டெஃப்லான் தொடர்ந்து அழுத்தினால் மெல்ல வடிவம் மாறிவிடும். கழுவி வைக்கும்போது அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது கொஞ்சம் நீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்த பிறகே சாற்றை ஊற்றுங்கள்.

சுவரில் எழுதுவதற்குச் சொரசொரப்பான ஒரு கட்டம் விட்டிருக்கலாம். அது இல்லாததால் தாளை ஒட்டுகிறேன், கரைப்பான் பட்டு மை ஓடிவிடுகிறது. பென்சிலால் எழுதினால் நிற்கும்.

அந்த மாணவியின் வேலையைப் புதுப் புனலில் மறுபடி முதலிலிருந்து செய்து கொடுத்தேன். இந்த முறை 9 மி.கி.தான் வந்தது. 0.07-இல் ஒன்றும் இல்லை. முன்பு கிடைத்த 11-இல் எவ்வளவு கிரீஸ் இருந்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

எந்த அளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: தொகுப்பாக வேண்டாம் என்றால் 250-ஐயும் 125-ஐயும் தனியாக வாங்குங்கள். புனலில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றினால் குலுக்க இடமிருக்காது. 250 என்றால் சாறும் கரைப்பானும் சேர்ந்து 180 மி.லி. வரை போகலாம், 5 கிராம் சாற்றுக்கு அது தாராளம். 10 கிராமுக்கு மேல் தினமும் செய்பவர்கள் மட்டும் 500-க்குப் போங்கள், போகும்போது திருகின் துளை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.